கிதாரின் குரல் சுருளில் இருக்கிறது

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனை ஒன்று உண்டு. ஒரு கம்பிச்சுருள், ஒரு சட்டக் காந்தம், ஒரு கால்வனாமீட்டர். காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தால் முள் ஒரு பக்கம் சாயும். வெளியே இழுத்தால் மறுபக்கம் சாயும். அசையாமல் வைத்திருந்தால் முள்ளும் அசையாது. மாணவர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியதும் மறந்துவிடுவார்கள். ஆசிரியராகிய நானும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தேன், இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் தன் மின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்ற நாள்வரை.

"சார், சத்தம் கூட்டினா கத்துது. பிக்கப்பை மாத்தணும்னு சொல்றாங்க. எதை வாங்கலாம் சார்?"

கிதாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல ஆசிரியனுக்கு எளிதில் நா வருவதில்லை. பல்மானியை எடுத்து அந்தப் பிக்கப்பின் இரு முனைகளில் வைத்துப் பார்த்தேன். 8,000 ஓம் காட்டியது. "மின்தடை அதிகமென்றால் சுற்றுகள் அதிகம்; சுற்றுகள் அதிகமென்றால் மின்னழுத்தம் அதிகம். ஃபாரடே விதி. எனவே மின்தடை அதிகமுள்ளதாகப் பார்த்து வாங்கு" என்றேன். மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த வருமானத்தை நான்கு மாதம் சேர்த்து, 16,000 ஓம் பிக்கப் ஒன்றை அவன் வாங்கிப் பொருத்திக்கொண்டு வந்தான். கூச்சல் நின்றிருந்தது. ஆனால் கிதாரின் குரலும் போய்விட்டது. போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. "பரவாயில்லை சார்" என்றான். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறுத்தியிருக்காது. அதன் பிறகுதான் இந்தச் சிறு பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மின் கிதாரின் தந்திகளுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சற்று நீளமான பெட்டிகள் ஒன்றோ இரண்டோ மூன்றோ பதித்திருப்பார்கள். இவையே பிக்கப்புகள். உள்ளே ஒரு நிலைக்காந்தம். அதைச் சுற்றி, தலைமயிர் பருமனே உள்ள எனாமல் பூசிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். காந்தம் தனக்கு மேலே ஓடும் எஃகுத் தந்தியின் ஒரு பகுதியையும் காந்தமாக்கிவிடுகிறது. தந்தியை மீட்டும்போது அந்தப் பகுதி அதிர்கிறது. சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் ஏறி இறங்குகிறது. சுருளில் நூறு மில்லிவோல்ட் அளவில் ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. பெருக்கி அதை வளர்த்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நம் ஆய்வுக்கூடச் சோதனைதான். காந்தத்தைக் கையால் ஆட்டுவதற்குப் பதிலாகத் தந்தி ஆட்டுகிறது. காற்றில் வரும் ஒலியைக் கேட்கும் மைக் அல்ல இது. நைலான் தந்தியைப் பூட்டி எவ்வளவு பலமாக மீட்டினாலும் இந்தப் பிக்கப்புக்கு அது தெரியாது.

மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தது 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அந்தக் கண்டுபிடிப்பு கிதாருக்குள் நுழையச் சரியாக ஒரு நூற்றாண்டு பிடித்தது.

சாப்பாட்டு மேசையில் பிறந்தது

1920களில் அமெரிக்காவில் ஹவாய்த் தீவு இசைக்குப் பெரும் மோகம் இருந்தது. கிதாரை மடியில் கிடத்தி, உருக்குக் கட்டை ஒன்றைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிப்பது அந்தப் பாணி. நம் கோட்டு வாத்தியத்தை நினைத்துக்கொண்டால் பாணி விளங்கிவிடும். அப்படி வாசிப்பவர்களில் ஒருவர் ஜார்ஜ் பீச்சம். அவருடைய குறை எல்லாக் கிதார்காரர்களின் குறையும்தான்: எக்காளமும் முரசும் முழங்கும் குழுவில் கிதார் யார் காதிலும் விழவில்லை. உலோகக் கூம்புகளை உள்ளே வைத்துச் சத்தத்தைக் கூட்டிய கிதார்கள் வந்தன. பீச்சமே அந்த முயற்சியில் பங்குகொண்டவர். அதுவும் போதவில்லை.

இசைத்தட்டுப் பெட்டியின் ஊசிமுனையில் இருக்கும் பிக்கப்பைக் கழற்றி அவர் சோதனையைத் தொடங்கினார். பலகையில் ஒற்றைத் தந்தியைக் கட்டி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, காந்தத்தையும் சுருளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சுருள் சுற்றுவதற்குத் துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்று ஒரு செய்தி. உடனிருந்து உதவிய பால் பார்த், தையல் இயந்திரத்தின் மோட்டார் என்று சொல்லியிருக்கிறார். எதுவாயினும் சரி, இருபதாம் நூற்றாண்டின் இசையை மாற்றிய கருவி வீட்டுச் சாமான்களைக்கொண்டு பிறந்தது என்பதில் ஐயமில்லை.

1931இல் ஹாரி வாட்சன் என்பவர் ஒரே மரத்துண்டில் உடலும் தண்டும் செதுக்கிக் கொடுத்தார். வட்டமான சிறு உடல், நீண்ட தண்டு. பார்ப்பதற்கு வாணலிபோல் இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் வந்தது. இரண்டு லாட வடிவக் காந்தங்கள் தந்திகளை மேலும் கீழுமாகக் கவ்வி நின்றன. அடியில் சுருளும், தந்திக்கு ஒன்றாக ஆறு இரும்பு முனைகளும் இருந்தன. சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் கருவிப் பட்டறை நடத்திவந்த அடால்ஃப் ரிக்கன்பாக்கரின் துணையோடு, 1932இல் அலுமினிய வார்ப்பில் இது விற்பனைக்கு வந்தது. 1934இல் காப்புரிமை கேட்டு எழுதினார்கள். இது கிதாரா, மின்கருவியா, உண்மையில் வேலை செய்யுமா என்றெல்லாம் காப்புரிமை அலுவலகத்துக்கு ஐயம். அந்த ஐயம் தீர்ந்து உரிமை கைக்கு வந்தபோது 1937 ஆகஸ்டு ஆகிவிட்டது. அதற்குள் பல நிறுவனங்கள் மின் கிதார் செய்யத் தொடங்கிவிட்டன.

அவற்றுள் ஒன்று கிப்சன். 1936இல் வந்த அதன் 'இ.எஸ். 150' சாதாரணக் கிதாரின் உருவமே கொண்டது. பெயரிலுள்ள 150 விலையைக் குறித்தது: கிதாரும் பெருக்கியும் இணைப்புக் கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 150 டாலர். 1939இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் இந்தக் கிதாரைக்கொண்டு எக்காளத்துக்கு ஈடாகத் தனி வாசிப்பு வாசித்துக் காட்டினார். 1942இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு 25 வயது. கிதார் பின்பாட்டுக் கருவி என்ற நிலை அந்த மூன்றாண்டுகளில் மாறியது.

உட்குழிவு இல்லாத கட்டை

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். தந்தியின் அசைவை நேரே சுருள் பிடித்துக்கொள்கிறது என்றால், வீணையின் குடம்போல் உட்குழிவான உடல் எதற்கு? எதற்கும் இல்லை என்பது மட்டுமல்ல, அது தொல்லையும்கூட. ஒலிபெருக்கியின் சத்தம் உட்குழிவான உடலை அதிரச் செய்யும். அது தந்தியை அதிரச் செய்யும். தந்தி மீண்டும் ஒலிபெருக்கியை. இப்படிச் சுற்றிச்சுற்றி வளரும் பின்னூட்டம் கடைசியில் ஊளையாக முடியும். லெஸ் பால் என்ற கலைஞர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான்கு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் தந்தியும் பிக்கப்பும் பூட்டி வாசித்துப் பார்த்தார். கட்டை ஊளையிடவில்லை. தந்தியின் ஆற்றலைப் பலகை விரைவில் உறிஞ்சாததால் ஒலியும் நீண்டு நின்றது. (நம் கருநாடக இசை மேடையிலும் இதற்குச் சான்று உண்டு. மீட்டியவுடன் ஒலி மாய்ந்துவிடும் மாண்டலினில் கமகங்களை முழுமையாகக் கொண்டுவர உ. சீனிவாஸ் எடுத்துக்கொண்டது ஐந்து தந்தியுள்ள மின் மாண்டலின்தான்.)

கட்டைக் கிதாரைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டிகள் பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஒருவேளை அதுவே நல்லதாகப் போயிற்று. பரம்பரைக் கிதார்த் தச்சர்கள் தண்டை உடலோடு பசைவைத்து ஒட்டுவார்கள். அவர் நான்கு திருகாணிகளால் பூட்டினார். உடைந்தால் தண்டை மட்டும் கழற்றி வேறொன்று மாட்டலாம். 1950இல் வெளிவந்து 1951இல் 'டெலிகாஸ்டர்' என்று பெயர் மாறிய கிதாரும், 1954இல் மூன்று பிக்கப்புகளோடு வந்த 'ஸ்ட்ராட்டோகாஸ்டரும்' வானொலிப் பெட்டி போலவே திருகாணியைக் கழற்றித் திறந்து பார்க்கக்கூடிய கருவிகள். பின்னாளில் எவனோ ஒரு மாணவன் தன் கிதாரின் பிக்கப்பை மேசைமேல் வைத்துக் கழற்ற முடிகிறது என்றால், அந்த வழியைத் திறந்துவிட்டவர் இவர்.

ஆயினும் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249 டாலர் 50 செண்ட். அமெரிக்கத் தொழிலாளி வீட்டுப் பையனுக்கும் அது எட்டாக் கனி.

அந்தப் பையனுக்காகக் கிதார் செய்தவர் நேதன் டேனியல். கிதார் வரலாற்றில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். நியூ ஜெர்சியில் 1947இல் 'டேனெலக்ட்ரோ' நிறுவனத்தைத் தொடங்கி, தபால்வழி வணிகத்தில் பேர்பெற்ற சியர்ஸ் கடைக்குப் பெருக்கிகள் செய்துகொடுத்துவந்தார். 1954இல் கிதாரும் செய்யலானார். உயர்ந்த மரம் வாங்கக் கட்டுப்படியாகாது. எனவே எளிய மரச் சட்டம் ஒன்றுக்கு மேலும் கீழும் மேசனைட் என்னும் மரத்தூள் அட்டையை ஒட்டினார். அலமாரியின் பின்பக்கத்துக்கு அடிக்கிற அட்டை அது. பிக்கப்புக்கு அச்சு வார்த்து மூடி செய்யவும் பணமில்லை. காந்தச் சட்டத்தின்மேல் கம்பியைச் சுற்றி, நாடா ஒட்டி, உதட்டுச் சாயக் குப்பிகளுக்கான உலோகக் குழல்களை வாங்கி அவற்றுள் நுழைத்துவிட்டார். முலாம் பூசிய குழல் பளபளப்பாகவும் இருந்தது. வெளி இரைச்சலை ஓரளவு தடுக்கும் கவசமாகவும் பயன்பட்டது. 1960களில் சியர்ஸ் விற்ற ஒரு வகையில் கிதாரை வைக்கும் பெட்டியே பெருக்கியும் ஒலிபெருக்கியுமாக இருந்தது. எல்லாம் சேர்த்து எழுபது டாலருக்கும் குறைவு. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் கைபழகியது இந்தக் கிதாரில்தான்.

டேனெலக்ட்ரோ 1969இல் மூடப்பட்டது. ஆனால் சுற்றுகள் குறைந்த அந்தக் குழல் பிக்கப்பின் கணீரென்ற குரலை விரும்பி, விலையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத ஜிம்மி பேஜ் போன்ற கலைஞர்களும் பிற்காலத்தில் மேடையில் இதை ஏந்தினார்கள். இன்று இந்தக் குழல் பிக்கப்பின் நகல்கள் தனியே விற்பனையாகின்றன. கஞ்சத்தனத்தால் செய்த ஏற்பாடு ஒரு குரலாகவே நிலைத்துவிட்டது.

ரீங்காரத்தை வென்ற இரட்டைச் சுருள்

சுருளுக்கு ஒரு தீய குணம் உண்டு. தந்தியால் மாறும் பாயம் எது, வேறெதனாலோ மாறும் பாயம் எது என்று அதற்குப் பகுத்தறியத் தெரியாது. அருகில் மின்மாற்றியோ குழல்விளக்கின் சோக்கோ இருந்தால் அதன் மாறும் காந்தப்புலமும் சுருளில் மின்னழுத்தம் உண்டாக்கும். அமெரிக்காவில் இது விநாடிக்கு 60 அதிர்வும் அதன் மடங்குகளுமான ரீங்காரம். நம் நாட்டில் 50.

கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் இதற்குக் கண்ட மருந்து அழகானது. பெருக்கிகளில் வரும் ரீங்காரத்தைப் போக்க எதிரெதிர்ச் சுருள்களைப் பயன்படுத்தும் முறை அவருக்கு முன்பே பழக்கம். அதையே பிக்கப்பில் புகுத்தினார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு; மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும்படி அவற்றை இணைத்தார். வெளிப்புலம் இரண்டிலும் ஒரே அளவு மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஆனால் இணைப்பு எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்படியானால் தந்தியின் ஒலியும் அழியாதா? அங்கேதான் சூழ்ச்சி. ஒரு சுருளின் முனைகள் காந்தத்தின் வடதுருவத்தையும் மற்றதன் முனைகள் தென்துருவத்தையும் தொடும். ஆகவே தந்தியால் பிறக்கும் மின்னழுத்தம் ஒருமுறை துருவத்தாலும் மறுமுறை இணைப்பாலும் திரும்பி, இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து கூடிவிடுகிறது. கழித்தலைக் கழித்தால் கூட்டல் என்று ஏழாம் வகுப்பில் படித்ததுதான்.

1955 ஜூனில் விண்ணப்பம் தந்தார். 1959 ஜூலையில் காப்புரிமை கிடைத்தது. இடைக்காலத்தில் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்று சிறு சீட்டு ஒட்டினார்கள். உரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே சீட்டுதான். பிறகு ஒட்டிய சீட்டில் ஓர் எண் இருந்தது. ஆனால் அது லெஸ் பாலின் தந்திப் பிடிப்புக்கான வேறொரு காப்புரிமையின் எண். நகல் எடுப்பவர்கள் வழிதவறட்டும் என்று வேண்டுமென்றே செய்ததாகச் சிலர் சொல்கிறார்கள்.

அந்தப் பழைய சீட்டு ஒட்டிய பிக்கப்புகளுக்கு இன்று பொன்விலை. அவற்றுள் என்ன மாயம் இருந்தது? திட்டப்படி சுருளுக்கு 5,000 சுற்று. ஆனால் சுற்றும் பொறி குறித்த எண்ணிக்கையில் தானாக நிற்காது. சுற்றும் பெண் தொழிலாளி கண்ணால் பார்த்துப் போதுமென்று நிறுத்துவார். சில கூடும், சில குறையும். இரு சுருள்களும் சமமாக இராது. காந்தத்துக்கு அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிக்கோ வகைகளில் கைக்குக் கிடைத்ததைப் போட்டார்கள். விளைவு, ஒன்றின் மின்தடை 7,000 ஓம், மற்றொன்று 9,000. ஒன்றுபோல் ஒன்று இல்லை. சில அற்புதம், சில சுமார். அற்புதங்களே புகழ்பெற்றன.

என் தவறு எங்கே?

சுற்றுகளை இரட்டித்தால் பிறக்கும் மின்னழுத்தமும் இரட்டிக்கும். நான் மாணவனிடம் சொன்னது இவ்வளவே. சொல்லாமல் விட்டது இது: சுருளின் தன் மின்தூண்டல் எண் சுற்றுகளின் இருமடியைப் பொறுத்தது. சுற்றை இரட்டித்தால் அது நான்கு மடங்காகும். பிக்கப்பிலிருந்து பெருக்கிக்குச் செல்லும் கேபிளோ நீண்டதொரு மின்தேக்கி. நடுக் கம்பியும் வெளிவலையும் அதன் இரு தகடுகள். மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் என்று கொள்ளலாம். தூண்டியும் தேக்கியும் சேர்ந்தால் ஒத்ததிர்வு உண்டு என்பது நாம் அறிந்ததே. அந்த ஒத்ததிர்வு அதிர்வெண்வரை ஒலி தடையின்றிப் போகும். அங்கே சற்று எழும்பும். அதற்கு மேலுள்ள மேற்சுரங்கள் மடமடவென்று அடங்கிவிடும். கிதாரின் குரல் என்று நாம் கேட்பது பெரும்பாலும் அந்த மேட்டின் இருப்பிடத்தையே.

5 மீட்டர் கேபிளும் மற்றச் சில்லறையும் சேர்ந்து 600 பைக்கோஃபாரட் என்று வைத்துக் கணக்கிட்டேன். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை ஒற்றைச் சுருள், சுமார் இரண்டரை ஹென்றி: மேடு 4,100 ஹெர்ட்ஸில். பழைய கிப்சன் வகை இரட்டைச் சுருள், சுமார் 4.4 ஹென்றி: 3,100 ஹெர்ட்ஸ். மாணவன் வாங்கிவந்த 16,000 ஓம் பிக்கப்பை எங்கள் எல்.சி.ஆர். மீட்டரில் வைத்தால் 8 ஹென்றி: 2,300 ஹெர்ட்ஸ். அவன் வைத்திருந்ததோ 10 மீட்டர் கேபிள். அதையும் சேர்த்தால் 1,700. நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முழுவதையும் நான் அவனிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

மின்தடை எண்ணும் நம்பத்தகுந்ததல்ல. 0.063 மில்லிமீட்டர் கம்பிக்கு மீட்டருக்கு ஐந்தரை ஓம் அளவு. 6,000 ஓம் என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர் கம்பி என்று அறியலாம். ஆனால் இன்னும் மெல்லிய கம்பியானால் சுற்று கூடாமலே ஓம் கூடும். விளம்பரத்தில் ஓம் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டால் வாசகர்கள் ஏமாற வேண்டாம்.

இத்தகைய பருத்த பிக்கப்புகள் வீணுக்காகப் பிறந்தவையும் அல்ல. 1960களின் இறுதியில் ராக் இசைக் கலைஞர்கள் பெருக்கியைத் தாங்கும் எல்லைக்கு மேல் தள்ளி, ஒலியை வேண்டுமென்றே சிதைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த லாரி டிமார்சியோ 1972இல் அதிகச் சுற்றும் வலிய ஃபெரைட் காந்தமும் கொண்ட 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்ற பிக்கப்பைச் செய்தார். அதன் நீள அகலம் கிப்சன் பிக்கப்பின் அளவேதான். பழையதைக் கழற்றிய இடத்தில் அப்படியே உட்காரும். கிதாரைவிட்டுத் தனியே பிக்கப்பை விற்கும் தொழில் இதிலிருந்து வேரூன்றியது. ஜெஃப் பெக்குக்காகப் பழைய கிப்சன் பிக்கப்புகளை மீண்டும் சுற்றிக்கொடுத்த சீமோர் டங்கன், 1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவில் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார்.

இதே காலத்தில்தான் எடி வான் ஹேலன் என்ற இளைஞர் கழித்துப்போட்ட உடல் ஒன்றை 50 டாலருக்கும் தண்டு ஒன்றை 80 டாலருக்கும் வாங்கி ஒரு கிதாரை ஒட்டுப்போட்டார். தம்முடைய பழைய கிப்சனிலிருந்து ஒரே ஒரு பிக்கப்பைப் பெயர்த்து அதில் வைத்தார். 1978இல் வெளியான அவரது முதல் இசைத்தட்டில் ஒலிப்பது அந்தக் கிதார். இதில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு செய்தி. பலத்த சத்தத்தில் பிக்கப் கத்தியதால், அதை உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்தார் அவர். முதலில் சில பிக்கப்புகள் சூட்டில் உருகிக் கெட்டனவாம்.

கத்துகிறது! மாணவன் முதல்நாள் என்னிடம் சொன்ன குறையும் அதுவே. ஒலி போதவில்லை என்று அவன் சொல்லவேயில்லை. தளர்வாகச் சுற்றிய சுருளில் கம்பிகள் ஒலிபெருக்கியின் சத்தத்தில் தாமே அதிரும். காந்தப்புலத்தில் அதிரும் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். அது மீண்டும் சத்தமாகும். உட்குழிவான உடலில் நாம் கண்ட அதே பின்னூட்டம்தான், சுருளுக்குள்ளேயே. மெழுகு இடுக்கில் புகுந்து உறைந்தால் கம்பி அசையாது.

மாணவனைக் கூப்பிட்டு, பழைய பிக்கப்பை எடுத்துவரச் சொன்னேன். முதலில் கிதாரையே நன்றாகச் சோதித்தோம். மலிவுக் கிதாரில் பார்க்கவேண்டியது இதுதான்: தண்டு நேராக இருக்கிறதா, வீணையில் மெட்டு என்கிறோமே, அந்த ஃபிரெட்டுகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா, பிருடைகள் சுருதியைப் பிடித்து நிற்கின்றனவா. வளைந்த தண்டைச் சீராக்கப் பிக்கப்பின் விலையைவிட அதிகம் ஆகலாம். சுருளையோ இரண்டு மூன்று பற்றவைப்புகளில் மாற்றிவிடலாம். இவனுடைய கிதார் தேறியது. ஜப்பானிலும் பின்னர் கொரியா, இந்தோனேசியா, சீனாவிலும் கணிப்பொறி வழிநடத்தும் இயந்திரங்களில் வெட்டத் தொடங்கிய பிறகு, மலிவுக் கிதாரின் மரவேலை வியக்கும்படி முன்னேறியிருக்கிறது. சிக்கனம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் பிக்கப்பும் பிருடையும் உள்ளிணைப்புக் கம்பிகளும்தான்.

பற்றவைக்கும் முன் ஒன்றைச் சொல்லி வைத்தேன், இங்கும் சொல்கிறேன். கிதாரின் தந்திகள் குதிரை வழியாகப் பெருக்கியின் நில இணைப்போடு சேர்ந்தவை. பெருக்கியோ மைக்கோ சரியாக நில இணைப்புப் பெறாவிட்டால் வாசிப்பவரே சுற்றின் ஒரு பகுதியாகிவிடுவார். 1972 மே மாதம் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கிதார் கலைஞர் மேடையில் மைக்கைத் தொட்டபோது இப்படித்தான் இறந்தார். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்துவிட்டுச் சொருகும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

பெரிய பாத்திரத்தில் வெந்நீர், அதனுள் சிறு பாத்திரத்தில் மெழுகு, அதில் வெப்பமானி. 65 டிகிரியைத் தாண்டவிடவில்லை. தாண்டினால் சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் வளைந்துவிடும். பிக்கப்பை முக்கியதும் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் மேலே வந்தன. கால்மணி நேரத்துக்குப் பின் குமிழி நின்றது. எடுத்துத் துடைத்து, ஆறவிட்டு, மறுநாள் பொருத்தினோம். 10 மீட்டர் கேபிளை வெட்டி 3 மீட்டராக்கினோம். பழைய பிக்கப் 4.4 ஹென்றிதான் இருந்தது. குறைந்த மின்தேக்குதிறனோடு சேர்த்து மேடு 3,800 ஹெர்ட்ஸ் என்று கணக்கு வந்தது. பிக்கப்பைத் திருகாணியால் ஒரு மில்லிமீட்டர் இறக்கியபோது ஒலி இன்னும் தெளிந்தது. காந்தம் மிக அருகில் இருந்தால் தந்தியையே இழுத்துப் பிடித்துச் சுருதியைக் கெடுக்கும்.

அவன் பெருக்கியின் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். கூச்சல் வரவில்லை. இன்னும் திருகினான். பக்கத்து வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நிறுத்தச் சொன்னார்கள்.

மெழுகுக்கு ஆன செலவு ஒரு தேநீர்ச் செலவுக்குமேல் இல்லை. 16,000 ஓம் பிக்கப்பை, ஒலியைச் சிதைத்தே வாசிக்கும் அவனுடைய நண்பன் ஒருவன் முக்கால் விலைக்கு வாங்கிக்கொண்டான். அவனுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறதாம். மீதிக் கால் விலையை நான் கொடுக்க முன்வந்தேன். மாணவன் வாங்க மறுத்துவிட்டு, அடுத்த வாரம் தன் தம்பியின் கிதாரையும் எடுத்து வரலாமா என்று கேட்டான்.